பழைய விளையாட்டுப் பொறிகளும் மாற்று உறுப்புகளும்

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் பொறிகள் உலகில் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஒடிசி' என்பதே அவற்றுள் முதலாவது. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளரின் கருத்தில் உருவான சாதனம் அது. அதற்கு ஓசை இல்லை. திரையிலே சில ஒளிப்புள்ளிகள் நகரும், அவ்வளவே. ஆடுகளம் வேண்டுமாயின், படம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் திரையின்மீது ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் 1977இல் அட்டாரி வந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் நாள் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'ஃபேமிகாம்' வந்தது. 1889ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டு செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அது என்பதைப் பலர் அறிவர்.

இந்தப் பொறிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவை பிறந்த கதையையே எழுதுகின்றனர். யார் செய்தார், எத்தனை விற்றன, எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தை வென்றது என்பவையே நூல்களில் நிறைந்திருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது அவற்றின் பிற்பாதி வரலாறு. செய்தவர்கள் கைவிட்ட பிறகு அவை எவ்வாறு உயிர்வாழ்கின்றன? பழுதுபட்ட உறுப்புக்கு மாற்று உறுப்பு எங்கிருந்து வருகிறது? பழைய உடலில் புதிய உறுப்பைப் பொருத்தினால் அது பழைய பொறிதானா?

செய்தவர்கள் ஒரு நாள் கைவிடவே செய்வர். ஃபேமிகாமின் உற்பத்தி 2003ஆம் ஆண்டில் நின்றது. அதற்குப் பின்னும் நிண்டெண்டோ நிறுவனம் பழுதுபார்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு அந்தப் பணியையும் நிறுத்தியது. உறுப்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதே அது கூறிய காரணம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இருபத்து நான்கு ஆண்டு பழுதுபார்த்துக் கொடுத்தது பாராட்டுக்குரியதே. இன்று வாங்கும் கைப்பேசிக்கு அதில் கால்பங்கு காலம் உறுப்புக் கிடைக்குமா என்பது ஐயம். ஆயினும் அந்த அக்டோபர் மாதத்தோடு பொறியின் உயிர் நிறுவனத்தின் கையிலிருந்து நழுவி, உலகெங்கும் உள்ள பழுதுபார்ப்போர் கைக்கு வந்துவிட்டது.

இப்பொருளில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு ஊரும் ஒரு காரணம். நான் வாழ்வது இரும்பை. கிழக்கே சில கல் தொலைவில் கடல்; வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். கோடையில் பாத்திகளிலே உப்பு விளையும்போது, காற்றிலும் அது சிறிது கலந்தே வருகிறது. வண்டிச் சக்கரத்துக் கம்பி, சன்னல் கொண்டி, மின்விசிறியின் திருகாணி என எதையும் அது விடுவதில்லை. மின்பொறிகளுக்கு அது செய்யும் கேட்டினை இந்தக் கரையில் வாழ்பவர் நன்கு அறிவர்.

கடல் உப்பின் தன்மை விசித்திரமானது. நாம் உண்ணும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதில் பாதி ஈரம் இருந்தாலே போதும் என்று கசியத் தொடங்கும். ஆகவே, பொறியின் உள்ளே படிந்த உப்புத்தூசி, ஐப்பசி கார்த்திகையில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக மாறுகிறது. உப்புநீரில் மின்சாரம் ஓடும். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூப்பது இதனாலேயே. முனைகளின்மேல் தங்கப்பூச்சு இருந்தால் தப்பிக்கலாமே எனில், பூச்சு முழுமையாக இருக்கும்வரை தப்பிக்கலாம். ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால், தங்கமும் செம்பும் உப்புநீரில் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும்; அதில் கரைவது செம்பே. பூச்சு இல்லாத முனையைவிடக் கீறல் விழுந்த பூச்சுடைய முனை சில வேளைகளில் விரைவாக அழிவதற்கு இதுவே காரணம்.

இனி, இப்பொறிகள் நம் நாட்டுக்கு வந்த வழியைக் காண்போம். நிண்டெண்டோவின் பொறி உரிமம் பெற்றுச் 'சாமுராய்' என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டது. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பொறியை 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் விற்றது. இறக்குமதித் தீர்வை அந்நாளில் நூற்றுக்கு எண்பது. பொறியின் விலை 18,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தில் பல மாதச் சம்பளம் அது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கண்டது அசல் பொறி அன்று. தைவானிலும் சீனத்திலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பொறிகளே 'மீடியா' முதலிய பெயர்களில் இங்கு மலிந்தன. ரஷ்யாவில் 1992இல் 'டெண்டி' என்ற பெயரில் பரவியதும் இந்த இனமே. சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் ஏற்பட்ட பர்மா பஜார், இத்தகைய அயல்நாட்டுச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. பழுதானால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ஆட்டம் அடங்கிய பேழையை ஆங்கிலேயர் ஒரு பெயரிட்டு அழைக்க, நம் பிள்ளைகள் 'கேசட்டு' என்றார்கள். நானும் அவ்வாறே சொல்கிறேன்.

நகல் என்றால் தாழ்ந்தது என்று எண்ணுவது வழக்கம். பழுதுபார்ப்போன் கண்ணுக்கு அது எப்போதும் உண்மையன்று. முதல் தலைமுறை நகல்களில், அசலில் இருந்ததுபோலவே கணக்கிடும் சில்லு ஒன்றும் படம் வரையும் சில்லு ஒன்றும் தனித்தனியே இருந்தன. தைவானின் யு.எம்.சி. நிறுவனம் செய்த 6527, 6538 என்ற எண்ணுடைய சில்லுகள் அவை. ஒன்று கெட்டால், வேறொரு செத்த பொறியிலிருந்து பெயர்த்தெடுத்து இதில் வைக்கலாம். பின்னாளில் விலையைக் குறைக்க எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, அதனைப் பலகைமீது நேரே வைத்து, கறுப்புப் பிசினை ஒரு துளி ஊற்றி மூடிவிட்டார்கள். அந்தக் கருந்துளிக்குக் கால்களும் இல்லை, எண்ணும் இல்லை. அது கெட்டால் பொறி குப்பைக்கே. இருபதாண்டு இடைவெளியில் செய்த இரண்டு பொறிகளில் பழையது பிழைப்பதும் புதியது மடிவதும் இதனால் நேர்கிறது.

பூட்டுவாய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேசட்டைச் செருகும் வாயைத்தான் சொல்கிறேன். ஃபேமிகாமில் அது 60 முனைகள் கொண்டது. கேசட்டு மேலிருந்து நேரே இறங்கும். 1985இல் அதே பொறியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றபோது, விளையாட்டுச் சாமான் என்று தெரியக்கூடாது, வீடியோ ரெக்கார்டர்போல் தோன்ற வேண்டும் என்று கருதி, முன்புறமாகச் செருகி அழுத்தும் 72 முனை வாய் ஒன்றை அமைத்தார்கள். அழகுக்காகச் செய்த அந்த மாற்றம் பெருந்துன்பம் ஆயிற்று. முனைகள் நாளடைவில் தளர்ந்தன. அதோடு, உரிமமில்லாத கேசட்டுகளைத் தடுக்க ஒரு காவல் சில்லும் வைத்திருந்தார்கள். பொறியில் ஒன்று, கேசட்டில் ஒன்று. இரண்டும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போக வேண்டும். முனை தளர்ந்து பேச்சு அறுந்தால், காவல் சில்லு பொறியைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைக்கும், விளக்கு கண்சிமிட்டும். பிள்ளைகள் கேசட்டின் வாயில் ஊதி ஊதிச் செருகினார்கள். ஊதிய மூச்சின் ஈரம் முனைகளை மேலும் அரித்ததே கண்ட பலன்.

1993இல் அந்நிறுவனமே புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டு, மேலிருந்து செருகும் வாய்க்குத் திரும்பியது. காவல் சில்லையும் நீக்கியது. பழைய பொறி வைத்திருப்போர் இன்று அந்த 72 முனை வாயைப் புதிதாக வாங்கி மாற்றுகின்றனர். சிலர் காவல் சில்லின் நான்காம் காலைத் துண்டித்து அதன் வாயை அடைக்கின்றனர். நம்மூர் நகல்களிலோ 60 முனை நேர்வாயே இருந்தது. காவல் சில்லும் கிடையாது. கள்ளத்தனமாகப் பிறந்த பொறி, அமெரிக்க அசலுக்கு இல்லாத இரண்டு நன்மைகளைப் பெற்றிருந்தது என்பதை எண்ணி நான் நகைத்ததுண்டு.

எங்கள் வீட்டிலும் அத்தகைய நகல் ஒன்று உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. திறந்து பார்த்தபோது வாயின் ஒருபுறத்து முனைகளில் பச்சை பூத்திருந்தது. தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் கொண்டு துடைத்ததில் பாதி முனைகள் மீண்டன. ரப்பரால் அழுத்தித் தேய்ப்பார் உளர். அது களிம்போடு மெல்லிய பூச்சையும் எடுத்துவிடும். உப்புக்காற்று வீசும் ஊரில் அதைச் செய்யலாகாது என்பது என் கருத்து. மீளாத முனைகளுக்காக, வேறொரு பொறியின் வாயை ஈயம் உருக்கிக் கழற்றிப் பொருத்த வேண்டியதாயிற்று. திண்டிவனத்தில் வானொலிப் பெட்டியும் பம்பு மோட்டாரும் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதனைச் செய்து தந்தார். அறுபது கால்களையும் ஒன்றுவிடாமல் பற்றவைத்துவிட்டு, "இது ரேடியோவைவிட எளிது ஐயா, சாமான் கிடைத்தால்" என்றார். அவருடைய தொழிலைக் கற்க இன்று அங்கே ஆளில்லை.

சாமான் கிடைத்தால் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உறுப்புகளை நான் இரு வகையாகப் பார்க்கிறேன். உலகப் பொதுவான உறுப்புகள் ஒரு வகை. ஐந்து வோல்ட்டு மின்சாரத்தைச் சீராகத் தரும் 7805 என்ற முக்கால் உறுப்பை இன்றும் பலர் செய்கின்றனர். எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். கண்டென்சரும் அப்படியே. அதன் உள்ளே அலுமினியத் தகடும், நீர்மத்தில் தோய்ந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டு, அடியில் ரப்பரால் அடைக்கப்பட்டிருக்கும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். நம் சித்திரை வெயிலில் அது படும் பாட்டை ஊகிக்கலாம். காய்ந்து போனால் ஒலி குன்றும். கசிந்தாலோ பலகையின் செம்புக் கோடுகளையே தின்றுவிடும். 1990இல் வந்த சேகாவின் கேம் கியர் என்ற கைப்பொறி இதற்குப் பெயர்போனது. கசியும்வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுவதே அறிவுடைமை.

கேசட்டினுள் இருக்கும் மின்கலமும் இவ்வகையே. ஆடிய ஆட்டத்தை நினைவில் வைக்கும் கேசட்டுகளில், காசு வடிவான மூன்று வோல்ட்டு மின்கலம் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், சில வேளை அதனினும் பிந்தி, அது தீர்ந்துவிடும். புதியதை வைக்க எளிது. ஆனால் பழையதை எடுத்த கணத்தில் உள்ளே இருந்த நினைவு அழிந்துபோம். பத்து வயதில் ஒருவன் சேர்த்துவைத்த ஆட்டம் அதில் இருந்திருக்கும். ஆதலால், மாற்றும்போது வெளியிலிருந்து மின்சாரத்தை இடைவிடாது கொடுத்துக்கொண்டே மாற்றும் முறையைக் கைதேர்ந்தோர் கண்டிருக்கின்றனர். இருதய அறுவைக்கு ஒப்பான வேலை என்று சொன்னால் மிகையாகாது.

மற்றொரு வகை, அந்தப் பொறிக்கென்றே பிறந்த உறுப்புகள். ஃபேமிகாமின் கணக்கிடும் சில்லு, 1975இல் தோன்றிய 6502 என்ற சில்லின் உறவு. 6502இன் வழித்தோன்றல் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஃபேமிகாமில் ரிக்கோ நிறுவனம் செய்த சில்லில், ஒலி எழுப்பும் பகுதியும் சேர்ந்தே இருந்தது. ஆகவே கடையில் வாங்கியதை அங்கே வைக்க முடியாது. இத்தகைய உறுப்பு, செத்த பொறியிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கேதான் நியாயம் பற்றிய கேள்வி எழுகிறது. ஃபேமிகாமின் படம் வரையும் சில்லு கலவைச் சித்திரக் குறியையே தரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துத் தராது. பிரித்துத் தரும் சில்லு ஒன்று, 'பிளேசாய்ஸ் 10' என்ற கடைவீதிப் பெரும்பொறிகளில் இருந்தது. துல்லியமான படம் விரும்பியோர் அந்தப் பெரும்பொறிகளைப் பிரித்துச் சில்லைக் கழற்றினர். 2014இல் அறிவிக்கப்பட்ட 'அனலாக் என்.டி.' என்ற விலையுயர்ந்த பொறியோ, ஒரே அலுமினியக் கட்டியில் குடைந்த உடலில், பழைய ஃபேமிகாம்களிலிருந்து எடுத்த அசல் சில்லுகளை வைத்து விற்கப்பட்டது. ஒரு பொறியை அழகுபடுத்த வேறொரு பொறியைக் கொல்வது எனக்கு உடன்பாடன்று. முன்பே இறந்ததிலிருந்து எடுப்பது வேறு.

எங்கள் ஊர் மாகாளேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. கடுவெளிச் சித்தருடைய வாக்கினால் அங்குள்ள சிவலிங்கம் பிளந்தது என்றும், பிளந்த கூறுகளைத் தகட்டினால் சேர்த்துப் பிணைத்தார்கள் என்றும் தலக்கதை சொல்லும். புதிய லிங்கம் செய்து பழையதை நீக்கியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. மேலும், கோயில்களில் பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையே சாத்தும் அட்டபந்தன மருந்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது புதுப்பிப்பது மரபு. மருந்து தேயும் பொருள். அதைப் புதுப்பிப்பதால் மூர்த்தி புதியதாகிவிடுவதில்லை. கண்டென்சரையும் மின்கலத்தையும் பூட்டுவாயையும் நான் இந்த மருந்தின் இனத்தில் சேர்க்கிறேன். சில்லும் பலகையும் மூர்த்தி. உடலை அறுத்துப் புதிய துளையிடுவது எந்த இனத்திலும் சேராது. பின்னால் வருபவர் அதை மீட்கவும் முடியாது. விளையாட்டுச் சாமானுக்குக் கோயிலை உவமை காட்டுவதா என்று சிலர் சினக்கக்கூடும். பழையதைப் பேணும் கலையில் நம் முன்னோர் வகுத்த அளவுகோல் அதுவன்றி எனக்கு வேறு தெரியவில்லை.

புதுமையைச் சேர்ப்பதை நான் வெறுப்பவன் அல்லேன். பழைய ஃபேமிகாமில் வானலை வழியாகத் தொலைக்காட்சிக்குப் போகும் மங்கலான படத்தை விட்டு, படச் சில்லின் 21ஆம் காலிலிருந்து நேரே குறியை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டரால் வலுப்படுத்தி வெளியே அனுப்பினால் படம் தெளிகிறது. செலவு அற்பம், வேண்டாவிடில் கழற்றிவிடலாம். 1993இல் நிண்டெண்டோவே ஜப்பானில் நேர்க்குறி தரும் புதிய ஃபேமிகாமை விற்றது. பிற்காலத்தில், உள்ளமைப்பை நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லுகள் மலிந்தன. 2010இல் சில ஆர்வலர்கள் 6502 சில்லின் மேலோட்டைக் கரைத்து, நுண்பெருக்கியில் படமெடுத்து, அதன் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் வரைபடமாக்கினர். 2017இல் வந்த 'என்.டி. மினி'யில் அசல் சில்லு எதுவும் இல்லை, எஃப்.பி.ஜி.ஏ. ஒன்றே பழைய சில்லின் வேலையைச் செய்தது. முன்னதைப்போல் எந்தப் பழைய பொறியும் அதற்காகச் சாக வேண்டியிருக்கவில்லை. இதனை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிப் படம் நொடிக்கு 60 முறை வரையப்பட்டது. நம் நாட்டில் 50 முறை. ஆட்டம் படத்தின் தாளத்தையே பின்பற்றுவதால், இங்குள்ள முறைக்கு அமைந்த பொறிகளில் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. இசையும் மெதுவாகவே ஒலித்தது. புதிய உறுப்பு வைத்து 60க்கு உயர்த்தினால், ஆசிரியர் எண்ணியபடி ஆட்டம் விரைகிறது. அதனைக் கண்ட என் மகள், "இது நாங்கள் ஆடிய மாரியோ இல்லை அப்பா" என்றாள். ஜப்பானியருக்கு எது அசலோ அது அவளுக்கு அயல்.

இறுதியாகத் துப்பாக்கி. நகல் பொறிகளுடன் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி தருவார்கள், வாத்துகளைச் சுடுவதற்கு. குண்டு ஏதும் திரைக்குப் போவதில்லை. ஒளி திரையிலிருந்து துப்பாக்கிக்கு வருகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அந்த வெண்மையைத் துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளிக்கண் கண்டால் வாத்து விழும். எலெக்ட்ரான் கற்றையால் படம் வரையும் பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில்தான் இது நடக்கும். தட்டைத் திரையில் படம் சிறிது தாமதித்து வருவதால், துப்பாக்கி எதையும் காண்பதில்லை. துப்பாக்கிக்கு மாற்று உறுப்புத் தேடிப் பயனில்லை. இல்லாமற் போனது தொலைக்காட்சியே.

தமிழ்நாட்டில் அது முற்றும் இல்லாமற் போய்விடவில்லை. 2006ஆம் ஆண்டு முதல் அரசு, வீடுதோறும் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கிற்று. அவை குழாய்த் திரைப் பெட்டிகள். உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் அவை சென்று சேர்ந்தன. இப்போது பழைய இரும்பு வாங்குவோரின் தட்டுவண்டிகளில் அவற்றை அடிக்கடி காண்கிறேன். செம்புச் சுருளுக்காகக் குழாயை உடைத்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு வண்டியை நிறுத்தி, உடையாத பெட்டி ஒன்றை எடைக்கு வாங்கினேன். பின்புறத் திருகாணிகள் நான்கும் துருவேறி இருந்தன; குழாய் நன்றாக இருந்தது. வாத்துகள் அதில் விழுகின்றன.